மாசி நிலவும் காமன் கம்பமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாசி பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை திருவிழாவைப் பற்றியவையாகவே அமைந்துவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளைத் தெரிந்தெடுத்து, ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காமனை எரித்த அதே இரவில், வட இந்தியாவில் ஹோலிக்காகத் தீ மூட்டுவதைத் தொலைக்காட்சிச் செய்தியில் காட்டினார்கள். இது தற்செயலா? இரண்டும் ஒரே விழாதானா? (தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி)

தற்செயல் அன்று. ஆனால் இரண்டும் ஒரே விழா என்று சொல்லிவிடவும் முடியாது. நாள் ஏன் ஒன்றாகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துக்கு, மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், பிறை கண்டு, காமன் கம்பம் ஊன்றுவதும், அதை அடுத்து வரும் பௌர்ணமி இரவில் காமனைத் தகனம் செய்வதும் நம் மூத்தோர் வைத்த கணக்கு. ஹோலியோ பால்குனம் என்னும் சந்திர மாதத்துப் பௌர்ணமியை ஒட்டியது. சூரியன் கும்ப ராசியில் நிற்கும்போது வரும் அமாவாசையை அடுத்த வளர்பிறைதான் பால்குனத்தின் வளர்பிறை. சூரியன் கும்பத்தில் நிற்கும் மாதமே நம்முடைய மாசி. ஆகவே பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்காமல் பிறையை மட்டும் பார்த்து நாள் குறித்த நம் பாட்டன்மாரும், காசியில் ஏட்டைப் புரட்டி நாள் குறித்தவர்களும், சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கப்படும் அதிக மாதம் குறுக்கிடும் அபூர்வமான ஆண்டுகள் நீங்கலாக, ஒரே நிலவிலேயே வந்து நிற்கிறார்கள். நம் நாட்டு நாட்காட்டியில் அது பெரும்பாலும் மெதின் போயா எனப்படும் மார்ச் மாதப் பௌர்ணமி விடுமுறை நாளாக இருக்கும் என்பதால், மறுநாள் வேலைக்கு இறங்க வேண்டியவர்களுக்கு இரவு விழிக்க ஒரு விடுமுறையும் கிடைத்துவிடுகிறது.

பலர் குழம்புவது மாசி மகத்தில்தான். அது மாசியில் மக நட்சத்திரம் வரும் நாள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் திருவிழா அதை ஒட்டியது. சில ஆண்டுகளில் மகமும் காமன் பௌர்ணமியும் அருகருகே வரும். சில ஆண்டுகளில் ஒரு மாதம் விலகி நிற்கும். 2025இல் மாசி மகம் மார்ச் 12ஆம் திகதியும் மெதின் போயா அதற்கு மறுநாளும் வந்தன. அதற்கு முந்திய ஆண்டில் மகம் பெப்ரவரி 24ஆம் திகதியே வந்துவிட்டது. மெதின் போயாவோ மார்ச் 24ஆம் திகதி வந்தது. அந்த ஆண்டு மகத்தன்று காமனை எரிக்க வேண்டுமா என்று கேட்டு எனக்கே இரண்டு கடிதங்கள் வந்தன. மாசி அமாவாசை மார்ச்சில்தான் வருகிறது, பொறுத்திருங்கள் என்று பதில் எழுதினேன்.

இனி, கதைக்கு வருவோம். வடக்கே பரவலாகச் சொல்லப்படுவது பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் அமர்ந்த அவன் அத்தை ஹோலிகாவின் கதை. தீயில் பிள்ளை பிழைத்தான், அவள் எரிந்தாள். நம் தீயில் எரிபவனோ மன்மதன். தவத்தில் இருந்த சிவன்மேல் தேவர்களின் வேண்டுகோளின்படி மலர்க்கணை தொடுத்து, நெற்றிக்கண்ணால் சாம்பலாகி, ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர்பெற்றவன் அவன். கர்நாடகத்திலும் ஹோலியை ஒட்டி எரிக்கப்படுபவன் காமண்ணன்தான். தமிழகத்தில் மயிலாடுதுறைக்கு அருகே உள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த வீரட்டத் தலமாகப் போற்றப்படுகிறது. ஆண்டாள் காமதேவனை நோக்கி நோன்பு நோற்ற பாசுரங்களில் தை, மாசி, பங்குனி என்னும் மூன்று மாதங்களும் பெயர் சொல்லி வருவதைப் பார்த்தால், இந்தப் பருவத்தைக் காமனுக்கு உரியதாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது என்பது விளங்கும். ஆகவே ஹோலி இங்கே வந்து காமன் கூத்தாயிற்று என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. தஞ்சை வட்டாரத்து இலாவணிப் பாட்டில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் விடிய விடிய வாதாடுவதைக் கேட்டவர்களுக்கு, இந்தக் கதை இரவல் சரக்கு அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. தேயிலைக்கும் அதற்கு முன் கோப்பிக்கும் ஆள் திரட்டப்பட்டபோது, திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள் மூட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்த கூத்து இது.

கேள்வி: காமன் கூத்தில் ரதி வேடத்தை ஏன் ஆண்களே கட்டுகிறார்கள்? பெண்கள் ஆடக் கூடாதா? (ஹாலிஎலயிலிருந்து ஒரு மாணவி)

கூடாது என்பதற்கு எந்தச் சாத்திரமும் இல்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும், இரவு முழுவதும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் ஆடிச் செல்ல வேண்டும், வேடம் கட்டியவர் இன்னின்ன வீட்டுப்படி மிதிக்கலாம், மிதிக்கலாகாது என்றெல்லாம் விதிகள் வைத்து, அவற்றைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்கி வைத்தார்கள் என்பதே உண்மை. பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூத்தாடியவர்களுக்கு ஆரத்தி எடுத்துத் தேநீரும் ஊற்றிக் கொடுத்தவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், விழாவின் பாதிச் சுமையை ஏற்கனவே பெண்கள்தாம் சுமக்கிறார்கள் என்பது தெரியும்.

ஆனாலும் ஆண் கட்டும் ரதிக்கு ஒரு தனி அழகு உண்டு. என் சிறு வயதில் எங்கள் தோட்டத்து ரதி, பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள். கத்தி பிடித்துக் காய்த்துப் பரந்த அந்தக் கையில் கண்ணாடி வளையல் ஏறாது. தண்ணீரும் சவர்க்காரமும் தடவி, இரண்டு பேர் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறும். இரத்தத்தைத் துடைத்துவிட்டு அரிதாரம் பூச உட்காருவார். அதிகாலையில் காமன் எரிந்த சாம்பலுக்கு முன்னால் அவர் அந்த வளையல்களைத் தரையில் அடித்து உடைத்து ஒப்பாரி வைத்தபோது, உண்மையாகவே கணவனை இழந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் கூட்டத்திலிருந்து விலகிப் போய் இருட்டில் நின்று அழுதார்கள். அந்தப் பாட்டைப் பெண் ஒருத்தி பாடினால் எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கும் ஆசைதான். உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள்; மறுத்தால் காரணத்தையும் கேளுங்கள்.

கேள்வி: சீக்கியர்கள் ஹோலி கொண்டாடுவதில்லை, அதற்கு மறுநாள் ஆயுதங்களோடு விழா எடுக்கிறார்கள் என்று படித்தேன். ஒரு சமய விழாவில் ஆயுதம் எதற்கு? (கண்டியிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் படித்தது பஞ்சாபின் ஆனந்தபூர் சாஹிப்பில் நடக்கும் ஹோலா மொஹல்லாவைப் பற்றியதாக இருக்க வேண்டும். சீக்கியரின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், 1699இல் கால்சா அமைப்பை நிறுவிய சில ஆண்டுகளுக்குள் இதைத் தொடங்கிவைத்தார். ஹோலி என்பது பெண்பாற் சொல் என்றும், ஹோலா அதன் ஆண்பால் வடிவம் என்றும் விளக்குவார்கள். முகலாயப் படைகளும் மலைநாட்டு அரசர்களும் நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. வண்ணப்பொடி தூவி ஆடும் நாளை அடுத்து, குதிரையேற்றம், வாள்வீச்சு, போலிப் போர் என்று தம் மக்களைப் பழக்குவதற்கு அவர் ஒரு நாளை ஒதுக்கினார். இன்று அது மூன்று நாள் விழா. நீல உடையும் உருக்கு வளையங்கள் சுற்றிய உயரமான தலைப்பாகையும் அணிந்த நிஹங்குகள் என்னும் சீக்கிய வீரர்கள் கட்கா என்னும் போர்க்கலையை ஆடிக் காட்டுவார்கள். கம்பு சுற்றுவதிலிருந்து தொடங்கி வாளுக்குப் போகும் அந்த வரிசையைப் பார்த்தால், திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் நம் ஆட்கள் சிலம்பம் வீசுவது நினைவுக்கு வரும். எந்தச் சமூகமும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்த நாட்களைத் தன் விழாவுக்குள் ஒளித்து வைத்திருக்கும். சீக்கியர் அதை ஒளிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை அதிகம் ஈர்ப்பது ஆயுதத்தைவிட அங்குள்ள லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடம். வருகிறவர் யாராயினும், எந்தச் சாதியாயினும், தரையில் ஒரே வரிசையில் அமர வேண்டும். பரிமாறுகிறவரும் அவ்வாறே யாராகவும் இருக்கலாம். நம் கோவில்களிலும் அன்னதானம் உண்டு. ஆனால் அடுப்படிக்குள் யார் நுழையலாம், யார் வெளியே நின்று விறகு பிளக்க வேண்டும் என்ற பேச்சு முற்றாக ஒழிந்துவிட்டதாக எந்தத் தோட்டத்திலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கேள்வி: நம் சித்திரைப் புத்தாண்டும் சீக்கியரின் வைசாக்கியும் ஒரே நாளில் வருவது எப்படி? (மஸ்கெலியாவிலிருந்து)

இரண்டும் சூரியன் மேட ராசிக்குள் நுழைவதைக் கொண்டு கணிக்கப்பட்டவை. ஆகவேதான் ஏப்ரல் 13 அல்லது 14ஆம் திகதியில் வந்து சேருகின்றன. பஞ்சாபில் அது கோதுமை அறுவடைக் காலம். 1699ஆம் ஆண்டு வைசாக்கி நாளில்தான் ஆனந்தபூரில் கால்சா பிறந்தது. 1919இல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டுக் கொல்லப்பட்ட மக்கள் கூடியிருந்ததும் வைசாக்கி நாள் ஒன்றில்தான்.

கேள்வி: இந்தியாவில் பழங்குடியினர் சந்தையில் கூடி, பிடித்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யும் விழா ஒன்று இருக்கிறதாமே? நம் நாட்டு ஆதிவாசிகளிடமும் அப்படி ஏதேனும் உண்டா? (மகியங்கனையிலிருந்து)

முதலாவது, அது மத்தியப் பிரதேசத்தின் மேற்கே, ஜாபுவா, அலிராஜ்பூர் வட்டாரங்களில் பில் இன மக்கள் கூடும் பகோரியா. ஹோலித் தீ மூட்டுவதற்கு முந்திய வாரத்தில், அந்தந்த ஊரின் வழக்கமான வாரச் சந்தை நாளே பகோரியா நாளாகிவிடும். விழாவுக்கு வேண்டிய சாமான் வாங்குவதற்காகக் குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். ஒவ்வொரு ஊராரும் தம் பெரிய மாந்தல் மத்தளத்தைச் சுமந்து வந்து, குழல் ஊத, ஒரே நிறத்தில் உடுத்திய பெண்கள் கைகோத்து ஆடுவார்கள். இளையவர்கள் அங்கே சந்தித்துக்கொள்வதும், சில வேளை அது திருமணத்தில் முடிவதும் உண்டு. எந்தச் சந்தையில்தான் அது இல்லை? சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிலோ நோர்வூட்டிலோ கடைத்தெருவில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தவர்களுக்கு, மரக்கறி வாங்க வந்த இளவட்டங்களின் கண்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரியும். அதற்காக யாரும் நம் சந்தையைக் கல்யாணச் சந்தை என்று எழுதுவதில்லை. பகோரியாவை மட்டும் அப்படி எழுதிப் படம் பிடித்து விற்பதைப் பில் இனத்தைச் சேர்ந்தவர்களே கண்டித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு, உங்கள் ஊருக்கு அருகே ஆதிவாசிகள் வாழும் தம்பானையிலேயே விடை இருக்கிறது. வேடர் என்றும் அழைக்கப்படும் அவர்களின் பழைய சடங்குகளுள் கிரிகொரஹ என்பது முக்கியமானது. கலம் ஒன்றில் தேங்காய்ப் பாலை வைத்து, சடங்குக்குரிய அம்பு ஒன்றை ஏந்தி, அதைச் சுற்றி ஆடி, வேட்டைக்குத் துணை நிற்கும் கந்தே யக்காவையும் இறந்துபோன முன்னோரையும் அழைப்பார்கள். யக்கா என்றதும் நாம் பேய் என்று எண்ணிவிடுகிறோம். அவர்களுக்கு அது காவலாக நிற்கும் மூத்தவரின் பெயர். வேட்டைக்கும் காட்டுக்கும் கட்டுப்பாடுகள் வந்தபின், அந்தச் சடங்கு நடப்பதற்கான காரணமே சுருங்கிவிட்டது.

கதிர்காமத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள் என்பதும், முருகன் அவளைச் சந்தித்த இடம் செல்லக்கதிர்காமம் என்பதும் அத்தலத்து மரபு. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் எசல விழாவின்போது ஒவ்வோர் இரவும் ஊர்வலம் பெரிய கோவிலிலிருந்து வள்ளியம்மன் கோவிலுக்கே சென்று திரும்புகிறது. அதாவது மாப்பிள்ளை நாள்தோறும் பெண் வீட்டுக்குப் போய்வருகிறார். பிறையில் தொடங்கிப் பௌர்ணமியை நோக்கி வளரும் விழா அதுவும். பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஆடி மாதத்தில் காவடியோடு புறப்படும் நம்மவர்கள், ஆதிவாசிகளின் மருமகன் வீட்டுக்குத்தான் போகிறோம் என்பதை நினைத்துக்கொண்டால், அவர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆறு வருடமாக நின்றுபோய்விட்டது. கம்பம் ஊன்றிய வாத்தியாரும் இறந்துவிட்டார். பெடியன்கள் இந்த ஆண்டு தொடங்க வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் விட்ட விழாவை எடுத்தால் குற்றம் வரும் என்று தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (பொகவந்தலாவையிலிருந்து கோவில் கமிட்டி அங்கத்தவர் ஒருவர்)

பெரியவர்களின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். கம்பம் ஊன்றினால் பௌர்ணமி வரை விளக்கு அணையாமல் பார்க்க வேண்டும், காப்புக் கட்டியவன் பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விடக் கூடாது என்பதே அவர்கள் சொல்லும் குற்றத்தின் உட்பொருள். முன்பு தோட்டத்தில் ஆள் இருந்தது. இப்போது வேடம் கட்ட வேண்டிய வயதில் உள்ளவர்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவனுக்கும் இரவு ஆடினால் மறுநாள் பேர், அதாவது அன்றைய கூலி, விழாது. ஆகவே முதலில் ஆட்களை எண்ணுங்கள். ரதி, மன்மதன், சிவன், தூதன், வீரபத்திரன், எமன் என்னும் ஆறு வேடத்துக்கும் பின்பாட்டுக்கும் உறுதியாக நிற்கக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையானால், கம்பம் ஊன்றி நாள்தோறும் விளக்கேற்றிப் பூசையை மட்டும் செய்து, ஆட்டத்தைக் கடைசி மூன்று இரவுகளுக்குள் வைத்துக்கொள்வதில் பிழை எதுவும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, சம்பளத்தில் பிடிக்கப்படும் கோவில் காசைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது அம்மன் திருவிழாவுக்கு என்று எல்லோரும் கொடுப்பது. அதில் கை வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே சண்டை வரும். காமனுக்குப் பெரிய செலவும் கிடையாது. கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். கிரீடமும் புஜமும் அட்டையில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டி நீங்களே செய்யலாம். வாடகை ஒலிபெருக்கியை மட்டும் எடுக்காதீர்கள். ஒலிவாங்கி வந்தவுடன் ஆடுகிறவன் நடப்பதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் நின்றுவிடுவான், கூத்து மேடை நிகழ்ச்சியாகிவிடும்.

தப்பு என்னும் பறையை அடிக்கும் தப்புக்காரரிடம் கடைசியாகப் போகாமல் முதலிலேயே போங்கள். காமனுக்கு என்று தனி அடி உண்டு. காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பிரட்டுக்கு அடிப்பதும் சாவுக்கு அடிப்பதும் அதற்கு உதவா. அந்த அடி தெரிந்தவர் உங்கள் தோட்டத்தில் இல்லையானால், பக்கத்துத் தோட்டத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார்; அவரை வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்து, ஆடுகிறவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். பல இடங்களில் கூத்து நின்றுபோனதற்கு, ஆட்டக்காரன் இல்லாததைவிட, தப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இந்த மரியாதை கிடைக்காமல் தப்பைக் கீழே வைத்துவிட்டதே பெரிய காரணம் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் அதைக் கீழே வைத்ததைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது.

பாட்டு உங்கள் வாத்தியாரோடு முழுவதும் போயிருக்காது. அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள், ஒவ்வொரு வருடமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட கிழவிகள் என்று நான்கைந்து பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு, பிறகு கொப்பியில் எழுதுங்கள்; இலக்கணம் திருத்தாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பக்கம் மார்ச் மாதத்தில் நடுநிசிக்குப் பிறகு பனி இறங்கும். ஈரம் பட்டால் தப்பின் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அனலில் காட்டிக் காய்ச்ச வேண்டியிருக்கும். ஆகவே கம்பம் ஊன்றிய காமன் பொட்டலுக்கு அருகே காய்ந்த வைக்கோலும் சுள்ளியும் ஒரு படங்குக்கு அடியில் நனையாமல் சேர்த்து வைத்து, அதற்கென்றே ஒரு பெடியனை நிறுத்துங்கள். காமனை எரிக்க வைத்திருக்கும் வைக்கோலில் அவன் கை வைக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.